உறைக்குள் இருந்த சீட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

காசநோய் மருந்துகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வாசித்தேன். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைக் கண்டுபிடித்த கதை நன்றாகவே இருந்தது, ஆனால் அந்த மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதித்துக் காட்ட வழி சொன்ன ஆளின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. "பிரிட்டிஷ் ஆய்வாளர்கள்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். டாக்டர் இல்லை, புள்ளியியல்காரர்.

டாக்டர் ஆகவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. முதல் உலகப்போரில் விமானியாகப் போன இடத்தில் காசநோய் பிடித்துக்கொண்டது, அந்த ஆசை அத்தோடு போயிற்று. வருடக்கணக்கில் நோயோடு கிடந்தவர் லண்டன் பல்கலைக்கழகத்தில் தபால் வழியாகப் பொருளாதாரம் படித்து 1922இல் பட்டம் வாங்கினார். புள்ளியியலில் பட்டமெல்லாம் கிடையாது. புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனின் வகுப்புகளில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டதுதான். பிழைக்கமாட்டார் என்று நினைத்து முழு ஊன ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிய ராணுவத்தை ஏமாற்றிவிட்டு 93 வயது வரை இருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போர் முடிந்த பிரிட்டனில் டாலர் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய மருந்து கொஞ்சம்தான் வந்தது, எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. அப்படியானால் சீட்டுப் போட்டுக் கொடுப்பதில் தப்பில்லை என்றார் ஹில். நோயாளியைச் சேர்ப்பது என்று முடிவான பிறகுதான் அவருக்குரிய எண் போட்ட, ஒட்டிய உறையைப் பிரிப்பார்கள். மருந்தா, வெறும் படுக்கை ஓய்வா என்று உள்ளே இருக்கும் சீட்டு சொல்லும். ஒருவர் விட்டு ஒருவருக்கு என்று கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். அடுத்த ஆளுக்கு மருந்து இல்லை என்று முன்கூட்டியே தெரிந்தால், பாவம், இவரை நாளைக்குச் சேர்ப்போமே என்று எந்த டாக்டருக்கும் தோன்றும், அங்கேயே கணக்கு கெட்டுவிடும். வேடிக்கை என்னவென்றால், 1937இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய தொடரில் அந்த ஒன்றுவிட்டு ஒன்று முறையைத்தான் இவரே சொல்லியிருந்தார். சீட்டுக் குலுக்கல் என்றதும் டாக்டர்கள் மிரண்டுவிடக்கூடாதே என்று வேண்டுமென்றே அப்படி எழுதினேன் என்று வயதான காலத்தில் ஒப்புக்கொண்டார்.

முடிவு 1948இல் வந்தது. ஆறு மாதத்தில் மருந்து கிடைத்த 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், கிடைக்காத 52 பேரில் 14 பேர். எக்ஸ்ரே பார்த்துச் சொன்னவர்களுக்கு எது யாருடைய படம் என்றே தெரியாது. ஆனால் "ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயை ஒழித்தது" என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் மருந்து கிடைத்தவர்களில் இறந்தவர்கள் 32, கிடைக்காதவர்களில் 35. அப்புறம்தான் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

ரிச்சர்ட் டால் என்ற டாக்டரோடு சேர்ந்து புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் காட்டியவரும் இவர்தான். அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும், நீங்களே போடலாம்.

ஒரு வேண்டுகோள். இனி ஒரு மருந்து "சோதனையில் வெற்றி" என்று செய்தி போடும்போது, அது யாருக்குக் கிடைத்தது, அதை யார், எப்படி முடிவு செய்தார்கள் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்