எங்க பி.டி. டீச்சரை எங்க ஸ்கூலுக்கே திருப்பி அனுப்பச் சொல்லி மறுபடியும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
அரசு உயர்நிலைப் பள்ளி மாணவிகளோட பெற்றோர்கள்,
கண்மாய்க்கரைத் தெரு, கீழத்தெரு, காலனி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: பகுதி நேர உடற்கல்வி ஆசிரியையை வேற ஸ்கூலுக்கு மாத்துனதை ரத்து பண்ணி எங்க ஸ்கூல்லயே வேலை பாக்க விடச் சொல்லி.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இதே விஷயமா திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனு கொடுத்தோம், முதல்வர் ஹெல்ப்லைன் 1100-க்கு போன் பண்ணி பதிஞ்சோம், கல்வி ஆபீஸ்லயும் நேர்ல கொண்டுபோய் கொடுத்தோம். மனு நம்பர் வந்துச்சு, கொஞ்ச நாள்ல மனு முடிக்கப்பட்டதுன்னு மெசேஜும் வந்துச்சு, ஆனா டீச்சர் மட்டும் வரல. அதான் ஐயா உங்க கைக்கே எழுதுறோம். எங்க ஊரு உங்களுக்குத் தெரியாத ஊரு இல்ல, போன மழைக்கு கலுங்கு உடைஞ்சப்ப நீங்களே வந்து நின்னீங்க, உங்க வண்டிய நிறுத்துனதே எங்க ஸ்கூல் கிரவுண்டுலதான். அந்த கிரவுண்டுல ஓடுற புள்ளைங்களுக்காகத்தான் இந்த மனு.

1. டீச்சர் வெளியூர்க்காரங்க இல்ல. இதே ஸ்கூல்ல படிச்சவங்க, எட்டாவது படிக்கும்போதே வெறுங்கால்ல ஓடி பக்கத்து ஸ்கூலுங்க எல்லாம் சேர்ந்து ஓடுற குறுவட்டப் போட்டியில 400, 800 மீட்டர் ரெண்டுலயும் பர்ஸ்ட் வந்து, மாவட்டம் தாண்டி குடியரசு தின மாநிலப் போட்டி வரைக்கும் போனவங்க. அப்ப பேப்பர்ல வந்த போட்டோ இன்னும் ஹெச்.எம். ரூம்ல மாட்டியிருக்கு. அப்பா செங்கல் சூளையில வேலை பாத்தவரு. மேல ஓட வைக்க வீட்டுல வசதி இல்லாம போச்சு, ஆனாலும் விடாம காரைக்குடியில உடற்கல்வி ஆசிரியர் படிப்பு பி.பி.எட். படிச்சு, 2012-ல பகுதி நேர ஆசிரியர் எடுத்தப்ப எங்க ஸ்கூலுக்கே வந்தாங்க. புதுக்கோட்டை மாவட்டத்து கத்தக்குறிச்சி ஓட்ட வீராங்கனை சாந்தி பத்தி புள்ளைங்களுக்கு அடிக்கடி சொல்லுவாங்க. சூளையில வேலை பாத்த குடும்பத்துல இருந்து போய் 2006-ல தோஹா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர்ல ரெண்டாவதா வந்தாங்க, அந்த மெடலையே பிடுங்கிட்டாங்க, அதுக்கப்புறமும் எந்திரிச்சு கோச்சிங் படிச்சு புள்ளைங்களை ஓட வைக்கிறாங்க, உங்களுக்கு என்ன குறைச்சல்னு கேப்பாங்க. டீச்சர்கிட்ட ஓடுன பொண்ணு ஒருத்தி இன்னைக்கு போலீஸ்ல இருக்கா ஐயா, விளையாட்டு விடுதிக்கு செலக்‌ஷன் ஆகிப் போன புள்ளைங்களும் இருக்காங்க.

2. அவங்களை ஏன் மாத்துனீங்கன்னு கேட்டா, 6-ல இருந்து 8 வரைக்கும் 100 புள்ளைங்களுக்கு மேல இருந்தாத்தான் பகுதி நேர ஆசிரியர்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துல இருக்காம். எங்க ஸ்கூல்ல இந்த வருசம் 97. நாலு புள்ளைங்க கூட இருந்திருந்தா டீச்சர் இருந்திருப்பாங்க. ஒம்பதாவது பத்தாவது புள்ளைங்களை யாரும் கணக்குலயே எடுக்கல, அதிகமா ஓடுறது அந்த புள்ளைங்கதான். நிரந்தர பி.டி. போஸ்ட்டும் எங்க ஸ்கூலுக்கு இல்ல. இவங்க போனா அந்த இடத்துல வேற யாரு ஐயா?

3. இதுதான் ஐயா எங்களுக்கு ரொம்ப வலிக்கிற விஷயம், தயவுசெஞ்சு இதை மட்டுமாவது முழுசா படிங்க. எங்க பொம்பளைப் புள்ளைங்க காலையில அஞ்சரைக்கு கிரவுண்டுக்குப் போவாங்க. கண்மாய்க்கரை வழியாத்தான் போகணும், அந்தப் பாதையில லைட் கிடையாது, பஸ் ஸ்டாப் பக்கத்துல டாஸ்மாக் எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியும். டீச்சர் ஸ்கூட்டியை முக்குல நிறுத்தி ஹெட்லைட்டை போட்டுட்டு நிப்பாங்க, புள்ளைங்க எல்லாம் ஒண்ணு சேர்ந்தப்புறம் முன்னாடி விட்டு பின்னாடி உருட்டிக்கிட்டே வருவாங்க. ஒரு பொம்பளை டீச்சர் நிக்கிறாங்கங்கிற ஒரே தைரியத்துலதான் எங்க வீட்டு ஆம்பளைங்க அந்த நேரத்துல புள்ளைய வெளிய அனுப்புனாங்க. இப்ப யாரும் அனுப்பல. அனுப்பவும் முடியாது, நீங்களே சொல்லுங்க, உங்க வீட்டுப் புள்ளைன்னா அந்த இருட்டுல தனியா விடுவீங்களா?

ராத்திரி கிரவுண்டுல உக்காந்து குடிக்கிறவங்க பாட்டிலை அங்கயே உடைச்சுப் போட்டுட்டுப் போயிடுவாங்க. டீச்சர் வந்ததும் மொத வேலையா சிமெண்ட் சாக்கை எடுத்துக்கிட்டு டார்ச் அடிச்சு ஓடுற லைன் பூரா சில்லு பொறுக்குவாங்க. நீளம் தாண்டுற மணல் குழிக்குள்ள வெறுங்கைய விட்டு அலசிப் பாத்துட்டுத்தான் புள்ளைங்களை தாண்ட விடுவாங்க. அவங்க போன பிறகு ஆடிக்குள்ள ஒரு புள்ளைக்கு உள்ளங்கால்ல சில்லு ஏறி தையல் போட்டுக் கெடக்கு. யாரு பொறுக்குவா இனிமே?

மாதவிலக்கு நாள்ல எந்தப் புள்ளைய ஓட விடணும், எந்தப் புள்ளைய உக்கார வைக்கணும்னு அவங்களுக்குத் தெரியும், புள்ளைங்களும் கூச்சப்படாம அவங்ககிட்ட சொல்லும். காலை உணவுத் திட்டம் அஞ்சாவது வரைக்கும்தான், பெரிய புள்ளைங்க வெறும் வயித்தோடதான் ஓட வரும், அவங்க தன் காசுல கொண்டக்கடலை ஊற வச்சு அவிச்சு தூக்குச்சட்டியில கொண்டாந்து கொடுப்பாங்க.

அப்புறம் குறுவட்டப் போட்டி. இதை எழுதுற நானும் ஒரு அம்மாதான், என் மக 800 ஓடுறா ஐயா. 800-ல மொத வளைவு முடியிற வரைக்கும் அவங்கவங்க லைன்லயே ஓடணும், அதுக்கப்புறம்தான் உள்ள இறங்கலாம். டீச்சர் இருந்தப்ப சுண்ணாம்பு பவுடர்ல அந்த இடத்துல கோடு போட்டு, கோட்டு மேல செங்கல்லை வச்சு, இதைத் தாண்டாம இறங்குனா உன்னைய வெளிய எடுத்துருவாங்கன்னு திரும்பத் திரும்ப ஓட விடுவாங்க. இந்த வருசம் யாரும் இல்ல. கூட ஒரு சார் வந்தாரு, அவரு கணக்கு சார், வேணும்னு வரல, ஹெச்.எம். சொன்னதால வந்தாரு, அவரைக் குத்தம் சொல்லல. என் மக பதட்டத்துல கோட்டுக்கு முன்னாடியே இறங்கிட்டா. ரெண்டு ரவுண்டும் ஓடி முதல்ல வந்தா, அதுக்கப்புறம்தான் தகுதி நீக்கம்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்து ஸ்பைக்ஸை அவுத்து எரவாணத்துல சொருகிட்டு இனிமே ஓட மாட்டேன்னுட்டா. அவங்க அப்பா இப்ப பத்தாவது முடிச்சதும் மில்லுக்கு அனுப்பலாம்னு பேசுறாரு, வேன் தெருவுக்கே வருது. இத்தனைக்கும் அரசு வேலையில விளையாட்டுக்கு 3 சதவீதம் ஒதுக்கியிருக்கு. அது எங்க புள்ளைங்களுக்கு எப்படி ஐயா கிடைக்கும், கோடு போட்டுக் காட்ட ஆளு இல்லாம?

4. சரி, மாத்திவிட்ட அந்த ஸ்கூல்லயாவது டீச்சரை விளையாட்டு சொல்லிக் கொடுக்க வச்சிருக்காங்களான்னு பாத்தா அதுவும் இல்ல. அங்க கிரவுண்டே கிடையாது. கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சு எமிஸ் என்ட்ரி, அதான் புள்ளைங்க விவரத்தை கல்வித் துறை வெப்சைட்ல ஏத்துற வேலை, அதைப் போடச் சொல்றாங்க. மாநிலப் போட்டிக்கு ஓடுன மனுஷிய எமிஸ் போடவா ஐயா நாப்பது கிலோமீட்டர் தள்ளி அனுப்புனீங்க? இதைக் கேட்டா ரூல்ஸ்ங்கிறாங்க.

5. சம்பளம் பத்தியும் சொல்லிடுறோம், அவங்களா கேக்க மாட்டாங்க. 2012-ல 5,000 ரூபாயில சேர்ந்தவங்க, 2021-ல 10,000 ஆச்சு, 2024-ல 12,500 ஆச்சு. மே மாசத்துக்கு இதுவரைக்கும் ஒத்தப் பைசா கொடுத்ததில்ல. அந்த மே மாசத்துலயும் ஒரு நாள் விடாம கிரவுண்டுக்கு வந்தாங்க, லீவுலதான் புள்ளைங்க நல்லா தயாராக முடியும்னு சொல்லி. வாரத்துக்கு மூணு அரை நாள்தான் அவங்க வேலை, காலையும் சாயங்காலமும் எங்க புள்ளைங்களோட நின்னது எல்லாம் அவங்களா செஞ்சது, எந்த ரெஜிஸ்டர்லயும் இல்ல. இப்ப நாப்பது கிலோமீட்டர் பஸ்ல போய்ட்டு வந்தா பஸ் காசுக்கே சம்பளம் கரைஞ்சிடும். இதுக்கு மேல காலையில இங்க எப்படி நிப்பாங்க? ஆனாலும் ஞாயித்துக்கிழமை வந்தாங்க ஐயா, காய்ச்சலோட வந்தாங்க, நாங்கதான் திருப்பி அனுப்பி வச்சோம்.

6. கோபமா எழுதிட்டோம்னு நினைக்காதீங்க, வேற யாருகிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியல. நாங்க கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. டீச்சரை எங்க ஸ்கூலுக்கே திருப்பி அனுப்பணும். 97-ங்கிறதாலதான் முடியாதுன்னா இந்தக் கல்வி ஆண்டு முடியிற வரைக்கும் மாற்றுப் பணியிலயாவது இங்க விடுங்க, அடுத்த வருசத்துக்கு அஞ்சாவது முடிக்கிற புள்ளைங்களை வீடு வீடாப் போய் பேசி எங்க ஸ்கூல்லயே சேர்த்து 100-க்கு மேல காட்டுறது எங்க பொறுப்பு. அதுவும் ஆகாதுன்னா வாரத்துல அந்த மூணு அரை நாளை பிரிச்சு பாதியாவது இங்க கொடுங்க. 400-லயும் நீளம் தாண்டுறதுலயும் மாவட்டப் போட்டிக்குத் தேர்வான ரெண்டு புள்ளைங்க இருக்காங்க, அக்டோபர்ல போட்டி, அதுக்கு முன்னாடி டீச்சர் வந்தாகணும். கிரவுண்டுக்குப் போற பாதைக்கு லைட்டும் வேணும்தான், அதை தனி மனுவா கொடுக்குறோம், இதுல போட்டுக் குழப்பல.

ஐயா, இந்த மனுவையும் ஆபீஸுக்கு அனுப்பிட்டு முடிக்கப்பட்டதுன்னு மெசேஜ் மட்டும் அனுப்பிடாதீங்க. முடியாதுன்னா முடியாதுன்னு காரணத்தோட ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. டீச்சரை அனுப்புங்க ஐயா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறோம், எங்க டீச்சரை எங்ககிட்ட அனுப்புங்க.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு தாய்மார்களும் மாணவிகளோட பெற்றோர்களும்
நாள்: செப்டம்பர் 2025

இணைப்பு: மேலாண்மைக் குழு தீர்மான நகல், முன்னாடி கொடுத்த மனுக்களோட ரசீது, மாவட்டப் போட்டிக்குத் தேர்வான மாணவிகளோட சான்றிதழ் நகல், பெற்றோர் கையெழுத்து.