நிறம் போனால் கழிவும் போனதாகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒளி பட்டதும் வேதிவினையைத் தூண்டும் ஒளிவினையூக்கியால் ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செய்தி வந்தால் கூடவே இரண்டு குடுவைகளின் படமும் வந்துவிடுகிறது: ஒன்றில் சாயத் தண்ணீர், மற்றதில் தெளிந்த தண்ணீர். அந்தப் படத்தை நம்பி எந்த ஆலையும் முடிவெடுத்துவிடக் கூடாது.

அசோ சாயங்களில் இரு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு அறுந்தாலே நிறம் மங்கிவிடும். பென்சீன் வளையங்கள் தண்ணீரிலேயே கிடக்கும். உடைந்த துண்டுகளில் சில, மூலச் சாயத்தைவிட நச்சு மிகுந்தவை. ஆகவே டி.ஓ.சி. எனப்படும் மொத்தக் கரிம அளவு எவ்வளவு இறங்கியது என்று பார்க்க வேண்டும். சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) மட்டும் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்திருந்தால், மிச்சமிருக்கும் ஒவ்வொரு மில்லிகிராமும் சி.ஓ.டி.யை ஏறக்குறைய அரை மில்லிகிராம் கூட்டிக் காட்டும். கேட்டலேஸ் நொதியால் அதை அழித்த பிறகே சோதிக்க வேண்டும்.

வினையூக்கியைக் கலந்து முதல் அரை மணி நேரம் இருட்டிலேயே கலக்க வேண்டும். சாயம் துகளில் ஒட்டிக்கொள்வதாலும் நிறம் குறையும். அது சிதைவு அல்ல, வெறும் இடமாற்றம். அதன் பிறகுதான் விளக்கைப் போட்டு நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும்.

வினையூக்கியான டைட்டானியம் டை ஆக்சைடு லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை பெரும்பாலும் போதும். அதற்கு மேல் கொட்டினால் தண்ணீர் பால்போல் வெளுத்து, ஒளி உள்ளே இறங்காது. காற்றை ஊதிக்கொண்டே இருப்பதும் கட்டாயம். வினையூக்கியில் கிளம்பும் எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளாவிட்டால் அது வந்த இடத்துக்கே திரும்பி, பட்ட ஒளி வெப்பமாக வீணாகும். சாயக் கழிவில் மிகுந்திருக்கும் உப்பும் பைகார்பனேட்டும், சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ரேடிகல்களைப் பிடித்துத் தின்றுவிடும். வடிநீரில் கலக்கிய சாயத்தில் கிடைத்த வேகம் ஆலைத் தண்ணீரில் கிடைக்காமல் போவதற்கு இதுவே பெரிய காரணம்.

வெயில் இலவசம்தானே என்பார்கள். டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் வகைக்கு 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம், அதாவது புற ஊதா ஒளி தேவை. வெயிலில் புற ஊதாவின் பங்கே சுமார் 5 சதவீதம்தான். விளக்கு வைத்தாலும் பராமரிப்பு உண்டு. இரும்பும் சுண்ணமும் படிந்து விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறை பழுப்பேறினால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும், வேலை நடக்காது. சிட்ரிக் அமிலத்தால் அவ்வப்போது கழுவ வேண்டும். துகளைத் திரும்ப எடுக்க, பி.எச்.சை 6 முதல் 6.5 வரை கொண்டுவந்தால் மின்சுமை நீங்கி, திரண்டு படியும்.

இந்த முறைக்கு உரிய இடம் உயிரியல் சுத்திகரிப்புக்குப் பிந்தைய கடைசிக் கட்டம். சி.ஓ.டி. லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் இருக்கும், சுத்திகரிக்காத கழிவுநீரில் இதை இறக்கினால் மின்கட்டணமே ஆலையை விழுங்கிவிடும்.

இனி அந்தக் குடுவைப் படத்தை வெளியிடும்போது, சுத்திகரிப்புக்கு முன்னும் பின்னும் இருந்த டி.ஓ.சி., எடுத்த நேரம், கன மீட்டருக்குச் செலவான மின்சாரம் ஆகியவற்றையும் கேட்டு வாங்கிப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பொறியாளர் ஒருவர்