ஆறு குடம் தண்ணீர்

பெஸ்தாரி ஜெயா,
சிலாங்கூர், மலேசியா.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உனக்கும் அப்பாவுக்கும் தம்பிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே சாயங்காலம் ஆனால் மழை. இதில் பாதி முதுகுளத்தூரில் பெய்யக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த ஊரின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய வரை செம்பனைத் தோட்டம், அதாவது எண்ணெய்ப் பனை. காலையில் கடைக்கு வருகிறவர்கள் "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்கும்போது வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

சொல்ல வந்தது வேறு. நாங்கள் ஐந்து பேர் தங்கியிருக்கும் வீட்டில், ராத்திரி விளக்கை அணைத்ததும் கழிவறையிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். மற்றவர்கள் தூங்கிவிடுவார்கள். எனக்குத் தூக்கம் வராது. ஒரு நாள் படுக்கும் முன் 11 மணிக்குத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தேன். காலை 5 மணிக்கு மறுபடி பார்த்தால் 90 லிட்டர் ஓடியிருக்கிறது. நம் கணக்கில் ஆறு குடம். ஆறு குடத்துக்கு நீ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு எவ்வளவு தூரம் போவாய் என்று எனக்குத் தெரியும் அம்மா. மனசு கேட்கவில்லை.

அடுத்த லீவு நாளில் கழிவறையின் ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்தேன். தண்ணீர் ஏற ஏற ஒரு மிதவையும் மேலே வந்து வால்வை மூட வேண்டும். இங்கே மிதவை மேலே வந்தும் வால்வு மூடவில்லை. கையால் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், அப்போதும் சத்தம் நிற்கவில்லை. நின்றிருந்தால் மிதவையைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தாலே போதும். மிஞ்சிய தண்ணீர் எல்லாம் நடுவில் நிற்கும் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் கீழே போய்க்கொண்டிருந்தது.

சுவரோரம் இருந்த குழாயை மூடி, டேங்கைக் காலி செய்து, வால்வின் தலையைக் கழற்றினேன். உள்ளே நகக்கண் அளவு மணல். அதன் அடியில் ரப்பர் வாஷரில் மெல்லிய வெட்டு. மணலைக் கழுவிவிட்டு மாட்டியும் சத்தம் நிற்கவில்லை. ஹார்ட்வேர் கடையில் அந்த வாஷர் தனியாகக் கிடைக்காததால் முழு வால்வாக வாங்கினேன், 18 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்). பக்கத்து வீட்டுப் பாட்டி டார்ச் பிடித்தார். சின்ன வயசில் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருந்தவர். அங்கே வரிசைக்கு ஒரு பொதுக் குழாய்தானாம், வாளியோடு காத்துக் கிடப்பார்களாம். நான் ஏன் இதை விடாமல் பார்க்கிறேன் என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்ததும் ஒரு கிண்ணம் ரசம் கொடுத்து அனுப்பினார்.

அன்று ராத்திரி வீட்டில் சத்தமே இல்லை. காலையில் மீட்டரும் நகரவில்லை.

அப்பாவின் முழங்காலுக்காக வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கப் போவதாகத் தம்பி சொன்னான். நல்லது, செய்யட்டும். இந்தப் பக்கத்தை மட்டும் அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல். டேங்கில் தண்ணீர், நடுக்குழாயின் வாய்க்கு ஒரு அங்குலம் கீழேயே நிற்க வேண்டும். டேங்க் பீங்கானாக இருந்தால் அடியில் உள்ள நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரில் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. போனால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். வாஷர் தேய்ந்தால் தனியாகக் கிடைக்கிற மாதிரி வால்வாகப் பார்த்து வாங்கட்டும். பணம் மாசக் கடைசியில் அனுப்புகிறேன்.

அப்புறம், வேலை முடிந்த அன்றைக்கு ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு நீயே ஒரு தடவை காது கொடுத்துக் கேள் அம்மா.

இப்படிக்கு,
உன் அன்பு மகன்