அன்பான சொற்களைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்

கொழும்பிலுள்ள தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர்களுக்கும், வானொலி, தொலைக்காட்சிச் செய்திப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவன். உங்கள் பத்திரிகைகளை வாங்கி வாசிக்கிறவன், இரவுச் செய்தியைத் தவறவிடாதவன். இந்த மடலை ஒரு முறைப்பாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலையகத் தமிழரான எங்களைத் திட்டுகிறீர்கள் என்று முறையிட வரவில்லை. எங்கள் மீது நீங்கள் காட்டுகிற பரிவைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

திட்டுச் சொற்களை முதலில் பேசி முடித்துவிடுவோம். கள்ளத்தோணி, தோட்டக்காட்டான், வடக்கத்தியான். இன்று உங்களில் யாரும் இவற்றை அச்சில் போடுவதில்லை. அதற்கு நன்றி. யாழ்ப்பாணத்தில் வடக்கத்தியான் என்றால் இந்தியாவிலிருந்து வந்தவன். சென்னையில் அதே சொல்லுக்கு வட இந்தியன் என்று அர்த்தம். ஹட்டனில் நின்று பார்த்தால் யாழ்ப்பாணமே வடக்கில்தான் இருக்கிறது. நாங்களும் சும்மா இருந்தவர்கள் இல்லை, பதிலுக்கு யாழ்ப்பாணத்தாரைப் 'பனங்கொட்டை' என்று சொன்ன வாய்கள் இங்கே நிறைய உண்டு. ஆனால் வசைச் சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. அது வசை என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். சண்டை பிடிக்கலாம். இரக்கத்தோடு வருகிற சொல்லோடு எப்படிச் சண்டை பிடிப்பது? பிடித்தால் நன்றி கெட்டவர்கள் என்பார்கள்.

'அப்பாவி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிழையாகக் கைதாகி, பிறகு நீதிமன்றம் அவரை விடுவித்தால் 'அப்பாவி' என்று எழுதுகிறீர்கள். குற்றமற்றவர் என்று பொருள். அதையே 'அப்பாவி மலையக மக்கள்' என்று எழுதும்போது அங்கே வழக்கும் இல்லை, நீதிபதியும் இல்லை. விபரம் தெரியாதவர்கள், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர்கள் என்றுதான் வாசிக்கிறவர் எடுத்துக்கொள்வார். வெளிநாட்டு வேலை என்று சொல்லிப் பணம் பறிக்கும் ஆட்களிடம் ஏமாந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கொழும்பில் ஏமாந்தவர் 'பாதிக்கப்பட்டவர்', பொகவந்தலாவையில் ஏமாந்தவர் 'அப்பாவி'. ஏமாற்றியவன் ஒரே ஆளாகக்கூட இருக்கலாம்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்துப்போனார். நினைவு நாட்களில் அவரையும் இந்த அப்பாவிகள் பட்டியலில் சேர்த்துவிட்டால், அவர் என்ன கேட்டு அங்கே நின்றார் என்பதே மறைந்துபோகும். வேலைநிறுத்தம் செய்கிறவர் விபரம் தெரிந்தவர். தெரிந்ததால்தான் நின்றார்.

அடுத்தது 'தோட்டம்'. இது கொஞ்சம் சிக்கலான சொல், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒருவர் 'தோட்டம் செய்கிறார்' என்றால் சொந்தக் காணியில் வெங்காயமோ புகையிலையோ போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. சிங்களக் கிராமத்தவருக்கு 'வத்த' என்பது வீட்டைச் சுற்றியுள்ள பலாவும் தென்னையும் நிற்கிற நிலம், பாட்டன் சொத்து. அதே சிங்களத்தில் 'வத்து தெமள', அதாவது தோட்டத் தமிழர், என்று எங்களைச் சொல்லும்போது அந்த நிலத்தின் இனிமையெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. நிலம் எங்களுடையது இல்லை, நாங்கள்தான் நிலத்தோடு சேர்ந்தவர்கள் என்பதுபோல ஒலிக்கும்.

இவ்வளவு இருந்தும் நாங்கள் அந்தச் சொல்லை விட்டுவிடவில்லை. மலையகத்தார் இரண்டு பேர் கொழும்பிலோ துபாயிலோ சந்தித்தால் முதல் கேள்வி 'நீங்க எந்தத் தோட்டம்?' என்பதுதான். பதில் வந்த உடனே யாராவது ஒரு மாமா, ஒரு திருவிழா, ஒரு வாத்தியார் என்று பேச்சு ஓடும். 'நம்ம தோட்டத்துப் பிள்ளை' என்றால் எங்கள் வாயில் அது சொந்தம். இனி அதையே கொழும்பு வீட்டு வரவேற்பறையில் கேட்டுப் பாருங்கள்: 'தோட்டப் பக்கம் ஒரு பிள்ளை இருந்தால் பார்த்துச் சொல்லுங்கோ.' அங்கே பிள்ளை என்றால் பிள்ளை இல்லை. பாத்திரம் கழுவ, குழந்தை பார்க்க ஒரு ஆள். ஒரு கெட்ட சொல்கூட அந்த வசனத்தில் கிடையாது, 'பிள்ளை' என்ற வாஞ்சைதான் இருக்கிறது. ஆனால் அந்த வாஞ்சையை நம்பித்தான் பல வீடுகளில் படிப்பை நிறுத்திப் பிள்ளைகளைப் பஸ் ஏற்றினார்கள்.

2015 இல் 'மலைநாட்டுப் புதிய கிராமங்கள்' என்ற பெயரோடு ஓர் அமைச்சு வந்தது ஞாபகம் இருக்கும். தோட்டம் என்ற சொல்லைத் தள்ளிவைத்துக் கிராமம் என்று சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான். கிராமம் என்றால் வீட்டு இலக்கம், உறுதிப் பத்திரம், தபால்காரர் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற பல குடும்பங்களுக்கு இன்றும் கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வந்துதான் கைக்குக் கிடைக்கிறது. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைக்கிற கதைகள் இங்கே புதிது இல்லை. 'புதிய கிராமம்' என்று நீங்கள் தலைப்புப் போடும்போது, அங்கே தபால் நேரே வீட்டுக்கு வருகிறதா என்று ஒரு வரி கேட்டு எழுதலாமே.

வருடா வருடம் வருகிற பெறுபேற்றுச் செய்திகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உயர்தரப் பெறுபேறு வந்ததும் உங்கள் பக்கங்களில் 'லயன் அறையிலிருந்து மருத்துவ பீடத்துக்கு', 'கொழுந்து பறிக்கும் தாயின் மகள் சாதனை' என்ற பாணியில் தலைப்புகள் வரும். நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பிள்ளையின் அப்பாவே பத்திரிகையை வெட்டி, லெமினேட் செய்து சுவரில் மாட்டுவார். அவருக்கு அது பெருமை, அந்தப் பெருமையைப் பிழை சொல்ல நான் யார்?

ஆனால் அந்தத் தலைப்பு உண்மையில் சொல்வது என்ன? இப்படியோர் இடத்திலிருந்துமா ஒருத்தி வந்துவிட்டாள் என்ற ஆச்சரியத்தைத்தான். லயத்தில் படிக்கிற மற்றப் பிள்ளைகள் அதை வாசிக்கிறார்கள். வராதது இயல்பு, வந்தது அதிசயம் என்று அவர்களுக்கும் விளங்கிவிடுகிறது. பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அந்தத் தலைப்பு கூடவே போகும். 'அந்த லயத்துப் பிள்ளை நீங்கதானே' என்று ஒருவர் பாராட்டாகவே கேட்பார். என்ன பாடத்தில் கெட்டிக்காரி, எந்தப் பாடசாலை, விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் இருந்தாரா இல்லையா, இதெல்லாம் உள்ளே கடைசிப் பந்தியில் கிடக்கும். விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் படித்தாள் என்றால் அதைத் தலைப்பில் போடுங்கள். அப்போது கல்வித் திணைக்களம் பதில் சொல்ல வேண்டி வரும். லயத்தைத் தலைப்பில் போட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் கண்கலங்கினால் போதும்.

(சங்கீத வகுப்பில் 'சுருதி மாதா, லயம் பிதா' என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுடைய லயத்துக்குப் பத்தடி அறையான காம்பராவும் ஒழுகுகிற தகரமும் இருக்கிறது.)

உங்கள் நிருபர்கள் மேலே வந்தால் எங்கள் தொழிற்சொற்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். 'பேர்' என்றால் உங்களுக்குப் புகழ், அல்லது ஆளின் பெயர். இங்கே பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு, அதாவது அன்றைய சம்பளம். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து வராவிட்டால் 'அரைப்பேர்'. மழையில் நின்று மலையேறி எடுத்துவிட்டு நிறுவைக்கு வந்த ஒரு அம்மா 'இன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க' என்று சொன்னால் அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு 'கண்ணீர் மல்கக் கூறினார்' என்று எழுதுகிறீர்கள். அவர் அழவேயில்லை, வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தார். 'பற்றுச்சீட்டு'ம் அப்படித்தான். கடையில் காசு கொடுத்தால் கிடைப்பது உங்கள் பற்றுச்சீட்டு. எங்கள் பாட்டன்மாருக்குப் 'பத்துச்சீட்டு' என்றால் வேலையும் போய், காம்பராவும் போய், சட்டி பானையோடு வெளியே நிற்பது.

இனி, எங்களை என்ன சொல்லி அழைப்பது என்ற பழைய விவகாரம். 1911 குடிசன மதிப்பீட்டில்தான் முதன்முதலாக இலங்கைத் தமிழர் வேறு, இந்தியத் தமிழர் வேறு என்று பிரித்து எண்ணினார்கள். அன்று அது வெறும் கணக்கு. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அதே 'இந்திய' என்ற அடைமொழி கதவைச் சாத்துகிற சொல்லாகிவிட்டது. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், எங்களில் 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று. அவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. தமிழ்நாட்டில் இறங்கியதும் அரசாங்கம் அவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. எவ்வளவு அழகான சொல்! பிறந்த மண்ணை விட்டு ரயிலேறி அழுதுகொண்டு போன ஒருவரைப் பார்த்து, நீ வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாய் என்று சொல்கிற சொல். அழுவதற்கான காரணத்தையே அது பிடுங்கிவிடுகிறது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அக்கம்பக்கத்தார் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றார்கள். அரசாங்கத்தின் கனிவான சொல்லைவிட அந்த ஊராரின் சொல் உண்மைக்குக் கிட்ட இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

2024 குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்', 'மலையகத் தமிழர்' இரண்டையும் ஒரே பிரிவாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். தங்களை இலங்கைத் தமிழர் என்றே பதிகிற குடும்பங்களும் உண்டு; அவர்களுக்கும் காரணங்கள் இருக்கின்றன. இதில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். மலை ஒன்றுதான், ஆனால் 'உடரட்ட' (மலைநாடு) என்று கண்டிச் சிங்களவர் சொல்லும்போது அதில் ராஜ்ஜியமும் பரம்பரையும் ஒலிக்கும். 'மலையகம்' என்று நீங்கள் செய்தியில் சொல்லும்போது அடுத்து வருவது பெரும்பாலும் மண்சரிவு, குளவி கொட்டு, சம்பளப் பிரச்சினை. ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் இவையே வந்து நின்றால் அந்தச் சொல்லே அப்படி ஆகிவிடும். 2023 இல் எங்கள் முன்னோர் இங்கே வந்த இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் 'மாண்புமிகு மலையக மக்கள்' என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். அமைச்சர்களுக்கும் நீதியரசர்களுக்கும் முன்னால் போடுகிற அடைமொழி! எனக்கு அந்தத் துணிச்சல் மிகவும் பிடித்திருந்தது.

கடைசியாக வினைச்சொற்கள். வங்கி ஊழியருக்குச் சம்பளம் கூடினால் 'அதிகரிப்பு' என்கிறீர்கள். 2021 இல் சம்பள நிர்ணய சபை வழியாகத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அதைப் போன்ற செய்திகளில் 'பெற்றுக்கொடுத்தார்', 'வழங்கினார்' என்ற வினைகளே அதிகம் வருகின்றன. யாரோ தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி. ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டினால் அதில் குடியேறுகிறவர் 'பயனாளி'. தலைமுறை தலைமுறையாக உழைத்தவருக்கு 'உரித்தாளர்' என்ற சொல் பொருந்தாதா? 'வீட்டுக்காரர்' என்றால்கூடப் போதும்.

சொல்லை மாற்றினால் கூரை ஒழுகாமல் நிற்குமா என்று நீங்கள் கேட்கலாம். நிற்காது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்கிற எங்கள் 'பிள்ளை மடுவம்' இப்போது 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்'. சில இடங்களில் உண்மையிலேயே நல்ல நிலையமாகிவிட்டது, சில இடங்களில் பலகை மட்டும் புதிது. அதனால்தான் எந்தச் சொல்லையும் தடைசெய்யச் சொல்லி நான் பட்டியல் தரவில்லை. ஒரு சின்னச் சோதனை போதும்: 'மலையகம்' வருகிற இடத்தில், கொழும்பில் தமிழர் நிறைய வாழ்கிற 'வெள்ளவத்தை' என்று போட்டு வாசித்துப் பாருங்கள். 'அப்பாவி வெள்ளவத்தை மக்கள்.' 'வெள்ளவத்தை மாடிவீட்டிலிருந்து மருத்துவ பீடத்துக்கு.' சிரிப்பு வந்தால் வசனத்தைத் திருத்துங்கள். வராவிட்டால் அப்படியே போடுங்கள், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை.

இந்த மடலை நீங்கள் பிரசுரிப்பதானால் ஒரு சின்ன வேண்டுகோள். மேலே 'மலையக ஆசிரியரின் குமுறல்' என்றோ 'ஏக்கம்' என்றோ 'ஆதங்கம்' என்றோ தலைப்புப் போடாதீர்கள். நான் குமுறவில்லை, தேநீர் குடித்துக்கொண்டுதான் எழுதினேன். 'வாசகர் கடிதம்' என்று போட்டால் சரி.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு வாசகன்