பெங்களூர் போகவா வேண்டாமான்னு கேட்ட தம்பிக்கு

எடே மக்கா,

போன ஞாயித்துக்கிழமை சித்தி வீட்டு திண்ணையில இருந்து நீ கேட்டதுக்கு நான் செரியா பதில் சொல்லல, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழும்பி வந்துட்டேன். நீங்க போயிட்டு வந்த மாதிரி ரெண்டு நாள் போர்டு கேம் திருவிழாவுக்கு குழித்துறையில இருந்து பெங்களூர் வர போணுமாண்ணே, அந்த பைசாவுக்கு ரெண்டு கேம் வாங்கி இஞ்சயே வெளையாடலாமேன்னு கேட்ட. வீட்டுக்கு வர்ற வழி முழுக்க அதையே தான் யோசிச்சுட்டு வந்தேன். மார்த்தாண்டத்துல வேற பிள்ளைகளும் இதையே கேட்டிருக்காவ, அதனால உனக்கு எழுதுறத அவங்களும் படிக்கட்டும்னு இஞ்ச போடுறேன்.

மொதல்ல கணக்க சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை காலைல ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறினா திருவனந்தபுரம், கோட்டயம், எர்ணாகுளம், பாலக்காடு, அப்புறம் கோயம்புத்தூர், சேலம்னு பாதி கேரளாவையும் பாத்துட்டு சனிக்கிழமை காலைல தான் பெங்களூர். ஞாயிறு ராத்திரி திரும்ப ஏறினா திங்கள்கிழமை மத்தியானம் தாண்டி தான் வீடு. ரெண்டு நாள் வெளையாட்டுக்கு நாலு நாள் போகும், வெள்ளியும் திங்களும் சம்பளம் புடிப்பாங்க. எனக்கு ரயிலு, ஒரு ராத்திரி ரூமு, நுழைவு டிக்கெட்டு, சாப்பாடு எல்லாம் சேத்து ஆறாயிரத்து சொச்சம் ஆச்சு, அதுல ஒரு கேம் கூட வாங்கல.

சனிக்கிழமைய நான் வீணாக்கிட்டேன், அத உனக்கு ஒளிக்காம சொல்றேன். ஸ்டால் ஸ்டாலா நடந்தேன், டப்பா டப்பாவா எடுத்து பின்பக்கத்த படிச்சேன், ஒவ்வொரு டேபிள் பக்கத்துலயும் பத்து நிமிஷம் நின்னு பாத்தேன், எடம் உண்டா நானும் இருக்கட்டுமான்னு கேக்க வெக்கமா இருந்துச்சு. நான் ஆசப்பட்டு போன ஒரு பெரிய கேமுக்கு முன்கூட்டியே பேரு குடுத்திருக்கணுமாம், அது எனக்கு தெரியாது, போனப்போ எடம் இல்லன்னுட்டாங்க. சாயங்காலம் வர கால் வலிச்சது தான் மிச்சம். அன்னைக்கு ராத்திரி நீ போன் பண்ணி கேட்டிருந்தா வராதே மக்கான்னு தான் சொல்லியிருப்பேன்.

கடைசில ஒரு டீச்சரம்மா, அம்பது வயசுக்கு மேல இருக்கும், நாம வெளையாடுற கட்டான் கேம் டேபிள்ல ஒரு ஆள் கொறையுது வாங்கன்னு அவங்களே கூப்பிட்டாங்க. நாம மூணு வருஷமா கட்டான்ல யாரு முறையா இருந்தாலும் யாரு வேணா யாரு கூட வேணா ஆடு கார்டும் செங்கல் கார்டும் மாத்திக்கிட்டு இருந்தோம் இல்லையா, அது தப்பு கேட்டியா. யாரோட முறையோ அவர் கூட மட்டும் தான் மத்தவங்க மாத்தணும். அரை நிமிஷத்துல சொல்லி தந்தாங்க. நம்ம ஆட்டம் என்னத்துக்கு மூணு மணி நேரம் இழுக்குதுன்னு எனக்கு அங்க வச்சு தான் புரிஞ்சுது, எத்தன நாள் இத சண்டை போட்டு வெளையாடியிருக்கோம்!

ஞாயித்துக்கிழமை நடந்ததுக்காக தான் இந்த கடிதமே. ஹால் மூலையில நாலு டேபிள் தனியா போட்டிருந்தாங்க, அது கடைக்கு வராத கேமுக்கு, அதாவது ஆளுங்க சொந்தமா செஞ்சு கொண்டு வர்ற ப்ரோட்டோடைப்ப தெரியாத ஆளுங்க வெளையாடி பாத்து குறை சொல்ற எடம். காலைல ஒரு பையன் வந்தான், காலேஜ் முடிச்சு ஒரு வருஷம் தான் இருக்கும், பழைய சீட்டு மேல பேப்பர வெட்டி ஒட்டி கவர்ல போட்டு வச்சிருந்தான். மீன் ஏலம் எடுக்கிற கேம். எல்லா கார்டும் தெறந்து தான் கெடக்கும், எந்த மீனு எத்தனை பாயிண்ட்னு எல்லாருக்கும் தெரியும், அதனால எல்லாரும் மனசுக்குள்ள கூட்டி பாத்து ஒரே தொகைய தான் கேப்பாங்க. ரெண்டு ரவுண்டு போனதும் சப்புன்னு ஆயிடுச்சு.

நான் சொன்னேன், தம்பி எங்க தேங்காப்பட்டணம் கரையில ஏலம் இப்படி இருக்காது, குவியல மொத்தமா தான் கேப்பாங்க, மேல நல்ல அயல தெரியும், அடியில என்ன கெடக்குன்னு வாங்குறவன் ஊகிக்க தான் செய்யணும், சில நேரம் அடியில நசுங்கின சாளை தான் இருக்கும். அவன் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டான். மத்தியானம் சாப்பிட்டு வந்து பாக்கேன், கார்டு அடுக்குல அடியில ரெண்ட கவுத்து வச்சு மறுபடியும் வெளையாட விட்டுட்டு இருக்கான், சுத்தி நின்னு பாக்க ஆளு கூடிடுச்சு, டேபிள்ல இருந்தவங்க அடி கார்ட திருப்புற நேரத்துல கத்துறாங்க. மக்கா, நான் சின்ன பிள்ளையில இருந்து கரையில நின்னு பாத்த ஒரு விஷயம், அது ஒரு கேமுக்குள்ள போய் உக்காந்து ஆளுகள கத்த வைக்குது. நாலு மணி வர அந்த எடத்த விட்டு நான் எழும்பல.

இந்த மாதிரி கூட்டம் எல்லாம் தொடங்குனதே கூட வெளையாட ஆளு தேடி தான். அமெரிக்காவுல ஜென் கான்னு ஒண்ணு நடக்குது, இப்போ எழுபதாயிரம் பேருக்கு மேல வராங்க. அது 1968ல விஸ்கான்சின் மாநிலத்துல லேக் ஜெனிவாங்கிற சின்ன ஊர்ல ஒரு வாடகை ஹால்ல தொடங்குனது, கேரி கைகாக்ஸ் தான் நடத்துனாரு. அடுத்த வருஷ கூட்டத்துக்கு பக்கத்து மாநிலத்துல இருந்து டேவ் ஆர்னசன்னு ஒருத்தர் வந்தாரு, அங்க வச்சு தான் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டாங்க. ரெண்டு பேருமா சேந்து செஞ்ச டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது ஆளாளுக்கு கதையில ஒரு பாத்திரமா மாறி வெளையாடுற கேம், 1974ல வெளிய வந்துச்சு. ஜெர்மனியில எஸ்ஸன் நகரத்துல 1983ல இருந்து நடக்கிற கூட்டத்துக்கு இப்போ நாலு நாள்ல ரெண்டு லட்சம் பேர் பக்கம் வராங்க, அங்கயும் பாதி பேரு கேம் வாங்க வர்றவங்க தானேன்னு நீ கேப்ப. இருக்கட்டும், வாங்கட்டும். நீ போக வேண்டியது அதுக்கு இல்ல.

நீ செஞ்ச கேம போட்டு வச்சிருக்கிற அந்த ஷூ டப்பாவுக்காக தான் போகணும்.

ரப்பர் தோட்டத்த வச்சு நீ செஞ்ச கேம நாம எத்தனை தடவ வெளையாடியிருப்போம், இருபது இருக்குமா? எல்லாரும் கொள்ளாம், நல்லா இருக்குன்னு தான் சொன்னோம். அதுக்கு காரணம் நாம எல்லாரும் ரப்பர் தெரிஞ்ச ஆளுங்க. மழை கார்டு விழுந்தா பால் வெட்ட முடியாதுன்னு நீ ரூல்ல எழுதவே இல்ல, எவனும் கேக்கவும் இல்ல, ஏன்னா நமக்கு அது தெரியும், மழைத்தண்ணி சிரட்டையில விழுந்தா பால் என்ன ஆகும்னு சித்தப்பா வாயால கேட்டு தான நாம வளந்தோம். பால உறைய விட்டு ஷீட் அடிச்சு காய வச்ச பெறகு தான் விக்கணுங்கிறதும் அப்படி தான். ரூல் புக்குல இருக்கிற ஓட்டைய எல்லாம் நம்ம ஊரு அறிவ வச்சு நாமளே அடைச்சுட்டோம். ரப்பர் மரத்தையே பாக்காத ஒரு டெல்லி பொண்ணு முன்னால அத வை, அஞ்சாவது நிமிஷம் அது என்னத்துக்கு இது என்னத்துக்குன்னு கேப்பா. அந்த கேள்விய இஞ்ச நம்ம கூட்டத்துல யாரும் உனக்கு கேட்டு தர முடியாது, நானும் முடியாது. வெல ஏறுற வர ஷீட்ட பதுக்கி வச்சவனே எப்பவும் ஜெயிக்கான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, சித்தி முன்னால சொல்ல மனசு வரல, இப்போ சொல்றேன்.

பல் லேப்ல வேலை பாக்கிறவனுக்கு இது என்னத்துக்குன்னு போன மாசம் உன்னை ஒருத்தர் கேட்டாருன்னு வருத்தப்பட்ட இல்லையா. கட்டான செஞ்ச கிளவுஸ் டாய்பரும் பல் லேப் ஆளு தான்டே. 1995ல அந்த கேம் ஜெர்மனியோட வருஷத்து சிறந்த கேம் விருத வாங்கின பெறகும் சில வருஷம் அவரு அந்த வேலைய விடல.

சும்மா சுத்தி பாக்க போறேன், புது கேம் வாங்க போறேன்னு யாராவது கேட்டா வேண்டாம்னு தான் சொல்லுவேன், அந்த ஆறாயிரத்துக்கு நல்ல கேம் ரெண்டு வீட்டுக்கே வரும். தனியா போறவனும் ரெண்டு தடவ யோசிக்கணும், என் சனிக்கிழமை மாதிரி ஆயிடும்.

நீ தனியா போக வேண்டாம், நானும் வாரேன். ரயில் டிக்கெட்டு அறுபது நாளைக்கு முன்னால தெறக்கும், அன்னைக்கு காலைலயே போட்டுருவேன், ரூமு ஹாலுக்கு நடக்கிற தூரத்துல பாக்கணும், பெங்களூர் ட்ராஃபிக்ல எனக்கு ஒரு காலை நேரம் முழுக்க போச்சு. ப்ரோட்டோடைப் டேபிளுக்கு முன்கூட்டியே பேரு குடுக்கணுமான்னு மொதல்லயே கேட்டு வச்சுக்கோ. வர்ற ஞாயித்துக்கிழமை ரூல எல்லாம் நோட்டுல எழுதி எடுத்துட்டு வீட்டுக்கு வா, நான் வாய தொறக்காம அத மட்டும் படிச்சு வெளையாடி பாக்கேன். மழை கார்டு நாலு கிழிஞ்சு கெடக்கு, அதுக்கு அட்டை நான் வாங்கி வைக்கேன்.

அண்ணன்