அரிசி டின்னுல கைவிட்டுப் பாரு

தம்பிக்கு,

போன வாரம் மூணு தடவை போன் அடிச்சேன். "மீட்டிங்ல இருக்கேன்மா"ன்னு மெசேஜ்தான் வந்துச்சு. சரி, வேலை இருக்கும். மாமா லாரி வியாழக்கிழமை செலாயாங் மார்க்கெட்டுக்கு வருது. ஒரு பெட்டி குடுத்து விடுறேன். அதுல இருக்கிறதை எப்படி வைக்கணும்னு சொல்லத்தான் எழுதுறேன், வேற ஒண்ணும் இல்ல.

5 கிலோ அரிசி ரெண்டு பை. எம்சிஓ, அதான் கோவிட் ஊரடங்கு, அந்தக் காலத்துல போட்ட கணக்கு இது: ரெண்டு வேளை சோறு தின்னா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150லிருந்து 200 கிராம் ஆகும். ஒரு பை ஏறக்குறைய ஒரு மாசம் வரும். இன்னொரு பை பிரிக்காம இருக்கணும். முதல் பை பாதி ஆனதுமே அடுத்ததை வாங்கிடு, தீர்ந்தப்புறம் வாங்காதே. புது அரிசியைப் பழசு மேல கொட்டாதே. அடியில கிடக்கிற வண்டு மேல ஏறிடும். வண்டு வரும்னு பயமா இருந்தா, பையைக் கட்டி நாலு நாள் ஃப்ரீசர்ல வை, முட்டையோட செத்துடும். வெளியே எடுத்ததும் பிரிக்காதே. குளிர் முழுசா இறங்கட்டும், இல்லன்னா உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

மைசூர்ப் பருப்பு நிறைய வச்சிருக்கேன். ஊற வேணாம், இருபது நிமிஷத்துல குழைஞ்சிடும். துவரை நாள்பட்டா எத்தனை விசில் விட்டாலும் வேகாது. வெங்காயத்தை பிளாஸ்டிக் பையில கட்டிப் போடாதே, அழுகும். உருளைக்கிழங்கு பக்கத்துலயும் வேணாம், அதோட ஈரத்துல முளை விட்டுடும். 2020 மார்ச் 18ல ஊரடங்கு போடுறதுக்கு முன்னாடி ஊரே மெகிக்கும் டிஷ்யூவுக்கும் ஓடுச்சு. நம்ம வீட்டுல முதல்ல தீர்ந்தது வெங்காயந்தான். வீட்டுக்கு ஒரு ஆள், பத்து கிலோமீட்டருக்குள்ளதான் வெளியே போகலாம்னு ஆனப்புறம் மறந்ததை வாங்க மறுபடி ஓட முடியல. அதனால அலமாரியில தாள் ஒட்டி, எடுத்ததை எடுத்த அன்னிக்கே எழுது.

மருந்து டப்பாவுல பனடோல், அதான் பாராசிட்டமால், இருக்கு. 500 மில்லிகிராம் மாத்திரை, ஒரு தடவைக்கு ரெண்டு, நாலு மணி நேரமாவது இடைவெளி, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல கூடாது. சளி மாத்திரையிலயும் அதே மருந்து இருக்கும், அதையும் சேர்த்து எண்ணு. ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு பார்க்க விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டரும் இருக்கு. அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரு, கை சில்லுன்னு இருந்தா தேய்ச்சுக்கோ, எண் நிலையா நிக்கிற வரைக்கும் ஆடாதே. 95க்குக் கீழே போனா மூச்சு திணறலேன்னாலும் டாக்டர்கிட்ட போயிடணும். கோவிட்ல நிறைய பேருக்கு மூச்சு நல்லா இருக்கிற மாதிரியே இருந்து எண் இறங்குச்சு. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்ததே நீதான். "உங்க பையன் மாதிரி பொறுமை யாருக்கும் வராது"ன்னு அவங்க இன்னும் சொல்றாங்க. அந்தப் பொறுமைக்கு அம்மா போனை மட்டும் எடுக்க நேரம் இல்ல.

கோலாலம்பூர்ல கம்பெனிங்க ஆளைக் குறைக்குதாம், அத்தை சொன்னா. உன்னைச் சொல்லல. உன் ரூம்ல இருக்கிற பையனுக்குத் தேவைப்பட்டா சொல்லு. வேலை போன நாள்லேருந்து 60 நாளுக்குள்ள சொக்சோவுல, அதான் தொழிலாளர் பாதுகாப்பு நிறுவனம், வேலை காப்புறுதிக்கு எழுதிப் போடணும். நாள் தாண்டுச்சுன்னா போச்சு. முதல் மாசம் சம்பளத்துல 80 விழுக்காடு, அடுத்த மாசம் 50, அப்புறம் குறைஞ்சுக்கிட்டே வரும். சம்பளத்துக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு. தானா ராஜினாமா பண்ணினா கிடைக்காது. அதனால மானத்துக்குப் பயந்து அவன் ராஜினாமாக் கடிதம் எழுதிடக் கூடாது. நீக்கின கடிதம், சம்பளச் சீட்டு ரெண்டையும் பத்திரமா வச்சிருக்கணும்.

கார்க் கடன் இருந்தா, தவணை தவறுறதுக்கு முன்னாடியே பேங்க்குக்குப் போகணும். 2020ல ஏப்ரல்லேருந்து ஆறு மாசம் கட்ட வேணாம்னாங்க. எல்லாரும் தள்ளுபடின்னு நினைச்சாங்க, ஆனா வீட்டுக் கடனுக்கு வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. ஏகேபிகேன்னு கடன் ஆலோசனை அலுவலகம் இருக்கு, அங்க காசு வாங்காம கணக்குப் பார்த்துச் சொல்வாங்க. இபிஎஃப் சேமநிதியில அந்த ஃப்ளெக்சிபல் கணக்குல 50 ரிங்கிட்லேருந்து எடுக்கலாம். அதைக் கடைசியா வச்சுக்கணும். 60 நாள், தம்பி. அவன்கிட்ட மறக்காம சொல்லு.

2021 ஜூலையில சாப்பாட்டுக்கு இல்லாதவங்க உதவி கேட்டு வீட்டு வாசல்ல வெள்ளைத் துணி கட்டினாங்களே, ஞாபகம் இருக்கா? அப்பாவுக்கு ரெண்டு மாசமா வேலை இல்ல. அரிசி டின்னுல நாலு விரல் உயரந்தான் இருந்துச்சு. நீ உன் பழைய ஸ்கூல் சட்டையைக் கேட்டுல கட்டின. யாரும் பார்க்கிறதுக்குள்ள நான் அவுத்துட்டேன். "நம்ம குடும்பம் கையேந்தாது, வெளியே தெரிஞ்சா அசிங்கம்"னு உன்னைத் திட்டினேன். நீ ஒண்ணும் பேசல. மூணாவது வீட்டுல கட்டினாங்க, அன்னிக்கு ராத்திரியே சீன அங்கிள் ஒருத்தர் அரிசி, முட்டை, எண்ணெய் எல்லாம் வச்சிட்டுப் போனார். யாரும் அவங்களைக் கேவலமாப் பார்க்கல. நம்ம வீட்டுல கஞ்சி குடிச்சோம். நான் பண்ணினது தப்பு. இதை உன்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. இல்லாததை வெளியே சொல்லக் கூடாதுன்னு உனக்குக் கத்துக் குடுத்ததே நான்தான்.

ஞாயித்துக்கிழமை வரைக்கும் போனைக் கையிலயே வச்சிருப்பேன். எடுத்தா போதும், பேசணும்னு கூட இல்ல. இல்லன்னா திங்கள் காலையில பட்டர்வொர்த்ல ஈடிஎஸ் ரயில் ஏறிடுவேன், அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்.

நெத்திலியைத் தலை கிள்ளி, காய வச்சு அனுப்பியிருக்கேன். கழுவாம ஃப்ரீசர்ல வை.

அம்மா