பிரான்சில் உள்ள தமிழ்ச் சங்கங்களுக்கு: சம்பளப் பிரச்சினையைச் சமரசம் பேசி மூடாதீர்கள்

சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

சம்பளம் வராத ஒரு பொடியன் உங்களிடம் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலாளிக்கு ஒரு போன் போகும். "எங்கடை ஆள்தானே, கூப்பிட்டுக் கதைப்பம்" என்பீர்கள். பத்து மாதச் சம்பளம் நான்கு மாதமாகக் குறையும், அதுவும் தவணையில் வரும். பொடியன் நன்றி சொல்லிவிட்டு வேறு குசினி தேடிப் போவான். முதலாளியின் கடை விளம்பரம் உங்கள் பொங்கல் மலரில் முழுப் பக்கத்துக்கு வரும்.

நீங்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. விசா இல்லாதவனுக்கு மொழிபெயர்ப்பும், செத்தவனுக்கு ஊருக்குப் பெட்டி அனுப்புகிற செலவும் நீங்கள் பார்த்தவை. ஆனால் சம்பள விஷயத்தில் நீங்கள் செய்வது உதவி இல்லை. அதற்கென்றே இந்த நாட்டில் தொழிற்சங்கம், தொழிலாளர் நீதிமன்றம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. இருநூறு வருடத்துக்கு மேலாக அடிபட்டு, சுடுபட்டு, சிறை போய் உண்டாக்கியது. அதன் வாசலுக்கு எங்கள் ஆட்களை அனுப்புங்கள், அதன் வரலாற்றை உங்கள் தமிழ்ச் சோலைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நானும் கோப்பை கழுவித் தொடங்கியவன்தான். இப்போது தொழிற்சங்க உறுப்பினன்.

"தொழிற்சங்கம் எல்லாம் வெள்ளைக்காரன்ரை விஷயம்" என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். சரி, அந்த வெள்ளைக்காரன் எங்கிருந்து தொடங்கினான் என்று பார்ப்போம். 1789 ஓகஸ்டில் மனித உரிமைப் பிரகடனம். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 1791 ஜூன் 14இல் லு ஷப்பலியே சட்டம் வந்தது. பாரிஸ் தச்சர்கள் கூடிக் கூலி கேட்டிருந்தார்கள். ஒரே தொழில் செய்பவர்கள் பொது நலன் என்று சொல்லி ஒன்றுகூடவே கூடாது என்றது சட்டம். 1803இல் தொழிலாளிக்கு ஒரு கைப்புத்தகம் கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்தவுடன் அதை முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். வாங்கிய முற்பணம் அதில் கடனாக எழுதப்படும். அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தராமல் வேறு இடம் போக முடியாது. புத்தகம் இல்லாமல் பயணம் போனால் நாடோடி என்று பொலிஸ் பிடிக்கும். 1890இல்தான் அதை முழுதாக ஒழித்தார்கள். விசாவுக்கான வேலை விண்ணப்பப் படிவத்தில் பத்திரோன், அதாவது முதலாளி, கையெழுத்து வைப்பாரா மாட்டாரா என்று வருடக்கணக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

1831இல் லியோன் பட்டு நெசவாளர்கள் குறைந்தபட்சக் கூலி கேட்டுப் பேசி, ஓர் ஒப்பந்தமும் வாங்கினார்கள். வியாபாரிகள் பலர் அதை மதிக்கவில்லை. நவம்பரில் நெசவாளர்கள் எழுந்து நகரத்தையே கையில் எடுத்தார்கள். படை வந்தது, ஒப்பந்தம் இரத்தானது. அதற்குப் பிறகு 1864இல் வேலைநிறுத்தம் குற்றம் இல்லை என்று ஆனது. 1884 மார்ச் 21ஆம் தேதிச் சட்டம் தொழிற்சங்கத்தை அனுமதித்தது. அந்தச் சட்டத்திலும் ஒரு முள் உண்டு. சங்கத்தை நிர்வகிப்பவர் பிரெஞ்சுக்காரராக இருக்க வேண்டும். வெளிநாட்டான் சந்தா கட்டலாம், கதிரையில் இருக்கக் கூடாது. அந்தக் கதவு திறக்க 1970கள் வரை ஆனது. இன்று உங்கள் மகளோ மருமகனோ சங்கப் பிரதிநிதியாகலாம்.

சேஜேதே (CGT) என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1895இல் லிமோஜ் நகரில் பிறந்தது. 1906இல் அமியான் மாநாட்டில் அவர்கள் எழுதிய சாசனத்தை எங்கள் சங்கங்கள் வாசிக்க வேண்டும். உறுப்பினன் வெளியே எந்தக் கட்சியிலும் இருந்துகொள்ளலாம், அதைச் சங்கத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்றார்கள். சொன்னபடி நடந்தார்களா? இல்லை. 1921-22இல் உடைந்தார்கள், 1936 மார்ச்சில் துலூஸில் ஒட்டினார்கள், 1947-48இல் திரும்ப உடைந்து ஃபோர்ஸ் உவ்ரியேர் (FO) என்ற தனிக் கூட்டமைப்பு உருவானது. கிறிஸ்தவத் தொழிற்சங்கத்திலிருந்து 1964இல் சேஎஃப்தேதே (CFDT) வந்தது. எந்த இயக்கத்தை ஆதரிப்பது என்று அடிபட்டு ஒரே தெருவில் மூன்று சங்கம் வைத்திருக்கும் எங்களுக்கு இதைப் பார்த்துச் சிரிக்கத் தகுதியில்லை.

1936ஐக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மே மாதம் லு ஆவரில் ஒரு விமானத் தொழிற்சாலையில் தொடங்கியது. ஆட்களை வேலையால் நிற்பாட்டியதற்குத் தொழிலாளர்கள் வெளியே போகாமல் உள்ளேயே குந்திவிட்டார்கள். ஜூனில் நாடு முழுக்க இருபது இலட்சம் பேரளவில் வேலைநிறுத்தம். தொழிற்சாலைக்குள் அக்கோர்டியன் வாசித்து ஆடினார்கள், வேலிக்கு மேலால் வீட்டுச் சாப்பாடு வந்தது. இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஜூன் 7 இரவு பிரதமர் லெயோன் புளும் முன்னிலையில் மத்தினியோன் ஒப்பந்தம். சம்பளம் 7 முதல் 15 வீதம் கூடியது. அந்த மாதத்திலேயே சட்டமாக இரண்டு வாரச் சம்பள விடுமுறையும் 40 மணித்தியால வாரமும் வந்தன. நீங்கள் ஓகஸ்டில் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறீர்களே, அந்த வழக்கம் வேரூன்றியது இங்கேதான்.

அதே அரசாங்கத்தின் கொடியின் கீழ், ஏழு வாரம் கழித்து, ஜூலை 30ஆம் தேதி புதுச்சேரியில் சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்தார்கள். பாரிஸில் கைகுலுக்கிக் கொடுத்த உரிமையை அவர்கள் தமிழில் கேட்டார்கள், அவ்வளவுதான். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, 1937இல் பிரெஞ்சிந்தியாவுக்கு எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் வந்தன. புதுச்சேரிக் குடும்பங்கள் பல உங்கள் சங்கங்களிலேயே இருக்கின்றன. ஜூலை 30ஐ ஒரு சங்கமாவது நினைவுகூர்ந்து நான் பார்த்ததில்லை. மே முதலாம் தேதி முகே பூ வாங்குவதற்கு மட்டும் நாங்கள் மறப்பதில்லை.

பதினோராம் வட்டாரத்தில் ஜோன் பியர் தம்போ தெரு இருக்கிறது. தம்போ உலோகத் தொழிலாளர் சங்கத் தலைவர், 1941 அக்டோபர் 22இல் ஷத்தோபிரியானில் ஜெர்மானியர் சுட்ட 27 பேரில் ஒருவர். அந்தத் தெருவிலேயே உலோகத் தொழிலாளர்களின் பழைய இல்லம் நிற்கிறது. 2024 பெப்ரவரி 21இல் நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பந்தியோனுக்குள் கொண்டுபோன மிசாக் மனுஷியான், ஆர்மீனிய அகதி, சித்ரோயென் கார் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தொழிற்சங்கங்கள் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கென்று வைத்திருந்த அமைப்பின் வழி வந்த, ஜெர்மானியரை எதிர்த்த குழுவில்தான் அவர் இருந்தார். அகதிகள் இந்த வரலாற்றுக்கு விருந்தாளிகள் இல்லை. உங்கள் பச்சை வித்தால் மருத்துவக் காப்புறுதி அட்டையும் அதே வழியில் வந்தது. 1945இல் உருவான சமூகப் பாதுகாப்பை நிலைநிறுத்திய தொழில் அமைச்சர் அம்புருவாஸ் க்ருவாசா, சிறுவயதிலேயே தொழிற்சாலைக்குப் போன உலோகத் தொழிலாளி.

அப்புறம் 2008. ஏப்ரல் 15இல் பாரிஸ் பகுதியில் விசா இல்லாத சமையல்காரர்களும் கோப்பை கழுவுபவர்களும் வேலைத்தலங்களிலேயே குந்தினார்கள். மாலி, செனகல் போன்ற நாட்டவர் அதிகம். சேஜேதே பின்னால் நின்றது. சம்பளச் சீட்டு இருக்கிறது, வரி கட்டுகிறோம், விசா மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார்கள். 2009 அக்டோபரில் தொடங்கிய இரண்டாவது அலையில் ஆறாயிரம் பேரளவில் இருந்தார்கள். எல்லாம் அழகாக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். தங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று வேறொரு விசா இல்லாதோர் குழு தொழிற்சங்கங்களின் பொது இல்லமான பூர்ஸ் து த்ரவாயின் ஒரு கட்டடத்தையே ஓராண்டுக்கு மேல் பிடித்து வைத்திருந்தது. 2009 ஜூனில் சேஜேதே ஆட்களே அவர்களை வெளியேற்றினார்கள். அது அசிங்கம்தான். ஆனாலும் அந்த வேலைநிறுத்தங்களால் ஆயிரக்கணக்கானோருக்கு விசா கிடைத்தது.

உங்கள் சமரசத்தில் ஒருவன் எதை இழக்கிறான் என்று கணக்குப் பாருங்கள். சம்பளச் சீட்டில் வாரம் 24 மணித்தியாலம், குசினியில் 60. மிச்சம் கையில் காசு, அதுவும் பாதி. உணவகத் துறையின் கூட்டு ஒப்பந்தப்படி 36 முதல் 39 வரையான மணித்தியாலங்களுக்கு 10 வீதம், 40 முதல் 43 வரை 20 வீதம், 44இலிருந்து 50 வீதம் மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். புருதோம் என்ற தொழிலாளர் நீதிமன்றத்தில் மூன்று வருடச் சம்பளம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். விசா இல்லாதவனும் கேட்கலாம். மறைத்து வேலை வாங்கியது நிரூபணமானால், வேலை போன பிறகு ஆறு மாதச் சம்பளம் நட்டஈடாக வரக்கூடும். குசினிச் சுவரில் ஒட்டிய நேர அட்டவணையின் படம், "நாளைக்குக் காலமை பத்துக்கு வா" என்று முதலாளி அனுப்பிய வட்சப் செய்தி, இவை போதும் வழக்கைத் தொடங்க. அதற்குப் பதில் கணக்கு அவர்தான் காட்ட வேண்டும். உங்கள் மேசையில் இந்த உரிமைகளில் ஒன்றுகூடப் பேசப்படுவதில்லை.

பிரான்சில் பத்தில் ஒருவர் அளவில்தான் தொழிற்சங்கத்தில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேசி வாங்கிய ஒப்பந்தங்கள் கிட்டத்தட்ட எல்லாத் தொழிலாளிக்கும் பொருந்தும். எங்கள் ஆட்களும் அதைச் சாப்பிடுகிறார்கள், ஆனால் யார் சமைத்தது என்று கேட்பதில்லை.

நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, மாதம் ஒரு சனிக்கிழமை உங்கள் மண்டபத்தில் இந்த உரிமைகளைப் பேச ஒரு மேசை. எந்தத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஆளை அழைத்தாலும் எனக்குப் பிரச்சினையில்லை. இரண்டாவது, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு 1936இன் இரண்டு பக்கமும், பாரிஸும் புதுச்சேரியும், ஒரு பாடமாக. எங்கள் கடைகள் இருக்கும் லா சப்பலிலிருந்து ஃபோபூர் சன் டெனி தெரு வழியே இறங்கினால் கிழக்கு ரயில் நிலையம் தாண்டி ஷத்தோ தோ தெருவில் பூர்ஸ் து த்ரவாய் இருக்கிறது. பிள்ளைகளை நடத்தியே கூட்டிப் போகலாம்.

மொழிபெயர்ப்புக்கு நான் வருகிறேன். எங்கள் உணவகத்துக்கு ஞாயிறும் திங்களும் லீவு, சனிக்கு நான் மாற்று ஆள் போட்டுக்கொள்வேன். செப்டெம்பரில் வகுப்புத் தொடங்குமுன் ஏதாவது ஒரு சங்கம் ஓம் என்று சொன்னால் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
பாரிஸ் புறநகரிலிருந்து ஒரு குசினித் தொழிலாளி